சான்வா லீவரும் எட்டு பட்டனும்: ஒன்பது மாதம் விளையாடிய பிறகு

சிவப்பு உருண்டை வைத்த லீவரை நான் முதன்முதலில் பிடித்தது 1997இல், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். திரையில் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது முஸ்தபா கேம், அவ்வளவுதான். அதில் வரும் முஸ்தபா என்ற மஞ்சள் தொப்பிக்காரனை எடுக்க மூன்று பேருக்குள் அடிதடியே நடக்கும். முன்னால் இரண்டு முறை தட்டி ஓடவிட்டு, அடி பட்டனை அமுக்கினால் பறந்துபோய் உதைப்பான். அந்த இரண்டு தட்டலில் லீவர் எழுப்பும் 'டிக் டிக்' சத்தம் இன்றும் என் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கேம்பேட் (இரண்டு கையாலும் பிடிக்கும் கண்ட்ரோலர்) வைத்துதான் விளையாடினேன். கடைசியாக வாங்கிய பேட் பதினான்கு மாதத்தில் டிரிஃப்ட் ஆகிவிட்டது. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாலும் ஆள் தானாக இடது பக்கம் நடப்பான். காரணம் எளிமையானது. இன்று விற்கும் பேட்களில் பெரும்பாலானவற்றின் கட்டைவிரல் ஸ்டிக்குக்குள் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு சின்ன உலோகத் துண்டு நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். தடம் தேயத் தேய, 'நடுவில் இருக்கிறேன்' என்று அது சொல்லும் மின்னழுத்தம் பொய்யாகிவிடுகிறது. சாலிடரிங் பழக்கம் இல்லாதவர் அதை வீட்டில் மாற்ற முடியாது.

அப்போதுதான் ஆர்கேட் ஸ்டிக் ஒன்றை, அதாவது கடை மெஷினில் இருப்பது போல லீவரும் பட்டனும் வைத்த பெட்டியை, நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஒன்பது மாதமாகத் தினமும் ஒரு மணி நேரமாவது அதில்தான் விளையாடுகிறேன். இந்த மதிப்புரை முக்கியமாக அதன் இரண்டு பாகங்களைப் பற்றியது: ஜப்பானின் சான்வா டென்ஷி செய்யும் ஜே.எல்.எஃப் லீவர், அதே நிறுவனத்தின் ஓ.பி.எஸ்.எஃப்-30 பட்டன்கள். பெட்டி செய்த கதையும் கூடவே வரும், ஏனென்றால் பெட்டி சரியில்லை என்றால் இந்த இரண்டும் வீண்.

முதலில் லீவர். கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தண்டின் அடிமுனையில் ஒரு பிளாஸ்டிக் உருளை. அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு மைக்ரோசுவிட்ச், எல்லாம் ஒரே போர்டில். லீவரை முன்னால் தள்ளினால் அடிமுனை பின்னால் நகர்ந்து ஒரு சுவிட்சை அமுக்கும். மூலையில் தள்ளினால் பக்கத்துப் பக்கமுள்ள இரண்டு சுவிட்சும் ஒன்றாக அமுங்கும். அதுதான் குறுக்குத் திசை. இவ்வளவுதான் மொத்த இயக்கம். தேய்வதற்குக் கார்பன் தடமே இல்லை. வெளியே வருவது ஐந்து ஒயர்: நாலு திசைக்கு நாலு, எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று.

எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. தண்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. அதில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேலே உருண்டையைத் திருகினால் கழன்று வரும். ஸ்பிரிங் லூசாகத் தோன்றினால் இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது. சுவிட்ச் போர்டும் தனியாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கை மாற்ற அடியில் இருக்கும் சின்ன ஈ வடிவ கிளிப்பை எடுக்க வேண்டும். அது துள்ளிப் பறக்கும். துணி போட்டு மூடிக்கொண்டு எடுங்கள். நான் அந்த கிளிப்பைக் கட்டிலுக்கு அடியில் டார்ச் வைத்து அரை மணி நேரம் தேடினேன்.

அடுத்து கேட். லீவர் எவ்வளவு தூரம் சாயலாம் என்று தடுத்து நிறுத்தும் பிளாஸ்டிக் தட்டு இது. ஜே.எல்.எஃப்புடன் வருவது சதுர கேட். நம்மூர்க் கடைகளில் பழகியவர்களுக்கு முதல் வாரம் இது வேதனையாக இருக்கும். வட்டமாகச் சுற்றினால் மூலைமூலையாக இடிக்கும். ஆனால் அந்த மூலைகளைத்தான் கை பிற்பாடு நம்ப ஆரம்பிக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ என்ற ஆளின் ஷோர்யூகென் (மேல்நோக்கிப் பாயும் குத்து) அடிக்க முன், கீழ், முன்-கீழ் என்று மூன்று திசை வேண்டும். முன் என்றால் எதிராளி இருக்கும் பக்கம். சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 திரைப்படங்களாக ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். எதிராளி மேலே குதித்து வரும்போது பார்த்து யோசித்து அடிக்க நேரம் இருக்காது, கைக்கே தெரிந்திருக்க வேண்டும். சதுர கேட்டில் முன்-கீழ் என்பது ஒரு மூலை. தண்டு அங்கே போய்ச் செருகி நிற்பது விரலுக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தில் ஒரு இரவு, இடது பக்கம் நின்றாலும் வலது பக்கம் நின்றாலும் பத்துக்கு ஒன்பது ஷோர்யூகென் வந்தது. பேட்டில் வலது பக்கம் நிற்கும்போது எனக்குப் பாதிக்கு மேல் வந்ததே இல்லை.

லீவரைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். கடையில் நாங்கள் எல்லோரும் முஷ்டியால் மேலிருந்து பிடித்துதான் ஆட்டுவோம். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். இப்போது உள்ளங்கையை மேல் நோக்கி வைத்து, தண்டை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் விட்டு, உருண்டையைத் தாங்கிப் பிடிக்கிறேன். பூப்பறிப்பது போல லேசான பிடி. அசைவு விரலிலிருந்தே வருகிறது.

பட்டன்கள் 30 மி.மீ. விட்டம். ஸ்டார்ட், செலக்ட் இரண்டுக்கும் 24 மி.மீ. அளவில் அதே வகை. அமுக்கம் மிக லேசு. விரலைச் சும்மா வைத்திருந்தாலே பதிந்துவிடும் அளவுக்கு லேசு, அதனால் விரலை மேலே மிதக்கவிட்டுப் பழக வேண்டும். எனக்குப் பத்து நாள் பிடித்தது. பழகிய பிறகு வேறு பட்டன் எல்லாம் களிமண்ணில் விரலை அழுத்துவது போல் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் கிளாசிக் என்ற பழைய பாணி முறைக்கு ஆறு பட்டன் போதும். மீதி இரண்டில், வழக்கமாக இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்க வேண்டிய டிரைவ் இம்பாக்ட்டையும் (அடியைத் தாங்கிக்கொண்டே அடிப்பது) டிரைவ் பேரியையும் (அடியைத் தடுப்பது) வைத்திருக்கிறேன். எதிராளி இம்பாக்ட் அடிக்கும்போது பதிலுக்கு ஒற்றை விரலால் அடிக்க முடிவது பெரிய நிம்மதி.

இப்போது பெட்டி. பெரம்பூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் 40-க்கு 25 செ.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் பெட்டி கேட்டேன். காகிதத்தில் வரைந்துகொண்டு போன பட்டன் அமைப்பைப் பார்த்துவிட்டு, "பூஜை ரூம் கதவுக்குக்கூட இவ்வளவு ஓட்டை போட்டதில்ல தம்பி. எல்லாத்துலயும் மணி கட்டப் போறீங்களா?" என்றார். ஓட்டைகளை மிக அழகாகப் போட்டுக் கொடுத்தார். தவறு என்னுடையது. ஓ.பி.எஸ்.எஃப் என்பது மெல்லிய தகட்டில் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் வகை. 12 மி.மீ. பலகையில் அதன் காதுகள் விரியவே முடியாது, பட்டன் கையோடு வந்துவிடும். பலகை தடிமனாக இருந்தால் மரை போட்டு இறுக்கும் ஓ.பி.எஸ்.என் வகை வாங்க வேண்டும். வாங்கும் முன் இந்த ஒரு எழுத்தைச் சரிபாருங்கள்.

பட்டனைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டை லேசரில் வெட்டி வாங்கினேன். பலகையிலுள்ள ஓட்டைகளை ஆசாரி அண்ணன் பெரிதாக்கிக் கொடுத்தார். பட்டன் அக்ரிலிக்கில் மாட்டிக்கொள்கிறது, கீழே பலகை தாங்குகிறது. லீவருக்கு மட்டும் பலகையின் அடிப்பக்கத்தை உளியால் குடைந்து எடுத்தோம். இல்லையென்றால் உருண்டை தாழ்ந்துபோய் விரல் பலகையில் உரசும். பெட்டியின் அடியில் பஞ்சர் கடையில் வாங்கிய பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். மடியிலும் மேசையிலும் இம்மி நகர்வதில்லை.

உள்ளே மூளையாக இருப்பது ராஸ்பெர்ரி பை பிகோ. 2021 ஜனவரியில் நாலு டாலருக்கு வந்த சின்ன போர்டு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நடந்துபோய் வாங்கிவந்தேன், ஒயரும் அங்கேயே. இதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச, திறந்த மூல மென்பொருளை ஏற்ற வேண்டும். பிகோவில் இருக்கும் வெள்ளைப் பொத்தானை அமுக்கிக்கொண்டே யு.எஸ்.பி.யில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். மென்பொருள் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒயர் மாட்ட இரண்டு உலோக முனை: ஒன்று பிகோவின் ஒரு பின்னுக்கு (ஒயர் இணைக்கும் இடம்), மற்றொன்று கிரவுண்டுக்கு. கிரவுண்டை எல்லா பட்டனுக்கும் மாலை கோப்பது போல ஒரே ஒயரில் கொண்டுபோகலாம். திசைகளுக்குப் போர்டின் ஜிபி எண்கள் மேல் 2, கீழ் 3, வலது 4, இடது 5 என்று வரும். நான் லீவரைத் திருப்பி மாட்டியிருந்ததால் மேலே தள்ளினால் ஆள் இடது பக்கம் போனான். ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று போட்டால் ஒரு அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கேயே பின்களை மாற்றிச் சரிசெய்தேன், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. நொடிக்கு ஆயிரம் முறை கணினியிடம் பேசுகிறது, தாமதம் என்று ஒன்றை நான் உணர்ந்ததே இல்லை. ஆனால் இது கணினிக்குத்தான் முழுப் பொருத்தம். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் அந்த கன்சோல் கேட்கும் அடையாளச் சரிபார்ப்பைக் கடந்து போகும் தனி போர்டு வாங்க வேண்டியிருக்கும், செலவும் கூடும்.

எனக்கு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதில் பாதி லீவருக்கும் பட்டனுக்கும் போனது. இதற்கு முன்பு மலிவான பெயரில்லாத கிட் ஒன்றை வாங்கி, மூன்றே மாதத்தில் அதன் மேல்திசை சுவிட்ச் செத்துப்போன அனுபவமும் உண்டு. அதனால் பணத்தை இந்த இரண்டில் போடுங்கள், பெட்டியில் மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்வேன்.

எந்த விளையாட்டுக்கு இது பொருந்தும்? சண்டை விளையாட்டுக்குத் தயங்காமல் வாங்கலாம். முஸ்தபாவைச் செய்த கேப்காம் நிறுவனத்தின், கூட்டத்தை அடித்துக்கொண்டே நடக்கும் பழைய வகைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. முஸ்தபா வீட்டு கன்சோலுக்கு வந்ததே இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை. 2018இல் கேப்காம் தன் பழைய அடிதடி விளையாட்டுகளில் ஏழைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பிலும் அது இல்லை. ஆனால் அதில் ஃபைனல் ஃபைட் இருக்கிறது, கேப்டன் கமாண்டோ இருக்கிறது. அந்த ஓட்டமும் உதையும் கைக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. குண்டுமழைக்குள் விமானம் ஓட்டும் ஷூட்டிங் வகைக்கும் எட்டுத் திசை லீவர் மிகப் பொருத்தம். முஷிஹிமேசாமா என்ற விளையாட்டில் குண்டுகளுக்கு இடையே ஒரு நூல் அளவு விலக, தண்டை லேசாகத் தட்டினால் போதும்.

டெக்கன் என்ற சண்டை விளையாட்டை விளையாடுபவர்கள் மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். அங்கே தண்டு நடுவுக்குத் திரும்பி வருவதும் ஒரு அசைவு. அதில் கஸூயா என்ற ஆளின் எலெக்ட்ரிக் என்ற குத்தை அடிக்க முன், நடு, கீழ், முன்-கீழ் என்று போய், முன்-கீழ் வரும் அதே ஃபிரேமில் குத்த வேண்டும். கொரியாவில் செய்யும் லீவர்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம் இருக்கிறது. விட்டவுடன் சட்டென்று நடுவுக்கு வரும். டெக்கனே உயிர் என்றால் அதைத்தான் வாங்குவேன். ஜே.எல்.எஃப்பிலும் எலெக்ட்ரிக் வருகிறது, ஆனால் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.

முப்பரிமாண உலகில் சுற்றித் திரியும் விளையாட்டு, துப்பாக்கி விளையாட்டு, கார் பந்தயம், கால்பந்து, இவற்றுக்கெல்லாம் இது உதவாது. மெதுவாக நடப்பது, வேகமாக ஓடுவது என்ற வித்தியாசமே இந்த லீவருக்குத் தெரியாது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு மைக்ரோசுவிட்சும் எட்டு பட்டனும் சேர்ந்து இரவு பதினொன்றுக்குத் தட்டச்சு வகுப்பு நடப்பது போல ஒலிக்கும். ஒற்றை அறை வீடென்றால் தூங்குபவர்களை நினைத்துப் பாருங்கள். நான் பட்டன்களுக்குள் மெல்லிய ஃபோம் வளையம் வைத்துக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். லீவரின் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டேன், அது எனக்கு வேண்டும்.

ஒன்பது மாதத்தில் நான் செய்த பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான். ஆறாவது மாதம் தண்டு சுழலும் இடத்தில் லேசாக 'கிர்' என்று கேட்டது. கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினேன். பதினைந்து நிமிட வேலை. அதன் பிறகு புதிது போலவே இருக்கிறது.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து பழைய நண்பன் வந்திருந்தான், அந்தக் கடையில் மஞ்சள் தொப்பிக்காரனுக்காக என்னோடு சண்டை போட்டவன். பெட்டியை மடியில் வைத்ததும் முன்னால் இரண்டு முறை தட்டினான். "அதே சத்தம்டா" என்றான். அன்றைக்கு ஒரே ஸ்டிக்கை மாற்றி மாற்றி விளையாடினோம். ஆசாரி அண்ணன் இப்போது இரண்டாவது பெட்டிக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறார். அதில் எண்கோண கேட் போட்டுப் பார்க்கப் போகிறேன்.