கம்யூனிட்டி ஷீல்டுக்கு வாடகை புரொஜக்டர்: படம் பாஸ், பெனால்டியில் கோட்டை விட்டது

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்து கால்பந்தின் கம்யூனிட்டி ஷீல்டு கோப்பைக்காக லீக் சாம்பியன் லிவர்பூலும், எஃப்.ஏ. கப் என்ற நாக்-அவுட் கோப்பையை ஜெயித்த கிரிஸ்டல் பேலஸும் லண்டன் வெம்ப்ளியில் மோதிய மேட்சை வியாசர்பாடித் தெருவில் போட்டுக் காட்ட, பெரம்பூர் பக்கம் ஒரு வாடகைக் கடையில் எடுத்த செட் இது. அங்கே மதியம் 3 மணி, நமக்கு ராத்திரி 7.30. ஆகஸ்டில் அந்த நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். புரொஜக்டருக்கும் தோது, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்கும் தோது.

ஒரு ராத்திரிக்கு ரூ.2,500. 3,300 லூமென்ஸ் (வெளிச்ச அளவு) புரொஜக்டர், 120 அங்குல ஸ்டாண்ட் ஸ்க்ரீன், ஒரு ஸ்பீக்கர், 10 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர். 120 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் எட்டே முக்கால் அடிதான், உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. இந்த மெஷினுக்கு 13 அடி தள்ளி வைத்தால்தான் ஸ்க்ரீன் நிறையும். சந்தின் குறுக்கே இடம் போதாது, நீளவாக்கில்தான் நிறுத்த வேண்டும்.

படத்தில் குறை சொல்ல முடியாது. தெருவிளக்கு ஸ்க்ரீனின் முகத்தில் விழுந்தால் மட்டும் புல்தரை வெளிறிப்போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும். விளக்குக்கு ஸ்க்ரீன் முதுகைக் காட்டினால் சரியாகிவிடும். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் துணி பாய்மரம் மாதிரி உப்பும். ஸ்டாண்டின் மூன்று காலிலும் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேனைக் கட்டி, கீழ்க்கம்பியையும் இழுத்துக் கட்டுங்கள். கடைக்காரர் இதற்குக் கயிறு தருவதில்லை.

போனை மிர்ரர் செய்தால் மெனு தெரியும், மேட்ச் ஓடும்போது திரை கறுத்துவிடும். மேட்ச் காட்டும் ஆப்பில் காப்பி எடுக்க விடாத பூட்டு அப்படி. புரொஜக்டரிலேயே செருகி ஆப்பை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வேண்டும், அது செட்டில் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதென்றால் முழு எச்டி மணிக்குச் சுமார் 3 ஜிபி குடிக்கும். தினம் 2 ஜிபி பிளான் முதல் பாதியே தாண்டாது. தரத்தைக் குறைத்தால் உயரப் பந்து கரைந்துபோகிறது. 1967 ஷீல்டில் ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) கோல்கீப்பர் பாட் ஜென்னிங்ஸ் தன் பாக்ஸிலிருந்து உதைத்த பந்து மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் தலைக்கு மேல் துள்ளி உள்ளே போனதே, அதை 480 என்ற குறைந்த தரத்தில் பார்த்தால் பந்து எங்கே என்று தேடிக்கொண்டுதான் இருப்போம்.

பெரிய கோளாறு தாமதம். ஆப் வழி வரும் படம் டிடிஎச்சைவிட அரை நிமிஷம் வரை பிந்தும். 77-வது நிமிஷம் பேலஸின் இஸ்மாயிலா சார் அடித்து 2-2 ஆனபோது, பக்கத்து வீட்டு டிவியிலிருந்து கூச்சல் முதலில் வந்தது, கோல் பிறகு வந்தது. சாதா மேட்சில் இது பொறுத்துக்கொள்ளலாம். ஷீல்டில் முடியாது. இதில் கூடுதல் நேரம் கிடையாது, 90 முடிந்தால் நேரே பெனால்டி. முன்பு டிரா ஆனால் கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வார்கள், 1993-லிருந்து அந்தப் பங்காளித்தனம் இல்லை. பெனால்டிக்கு லிவர்பூலின் சலா பந்தின் அருகே நடந்து வரும்போதே மாடியிலிருந்து 'மேல போச்சு' என்று குரல் கேட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? லிவர்பூலின் மாக் ஆலிஸ்டர், எலியட் உதைகளை பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் தடுத்ததும், டெவன்னி அடித்து 3-2 என்று பேலஸ் முடித்ததும் இப்படித்தான், எல்லாமே மறு ஒளிபரப்பு. யாராவது வீட்டு டிடிஎச் பெட்டியை ஜன்னல் வழியே எச்டிஎம்ஐயில் இழுப்பதே வழி. ஸ்பீக்கரையும் புளூடூத்தில் இணைக்காதீர்கள், விசில் பிந்திக் கேட்கும். ஆக்ஸ் ஒயர் பத்து ரூபாய் சமாச்சாரம், அதையும் கடையில் கேட்டு வாங்கணும்.

பெனால்டி வந்தாலும் 9.45-க்குள் எல்லாம் முடிந்துவிடும், பத்து மணி வரைக்கான வாடகை போதும். எஃப்.ஏ. கப் ஃபைனலுக்கு எடுத்தால் கூடுதல் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல் ரிமோட்டில் அணைத்து, ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் விளக்கு போகும். லென்ஸ் மூடியை முதலிலேயே சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் டெபாசிட்டில் 200 பிடிக்கிறார்கள்.