அனுபவ நோட்டா, வாதக் கட்டுரையா? பெண்ணிய நோக்கில் எழுதக் கற்றுத்தர இரண்டு வழிகள்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்பு. என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன, இரண்டுமே பெண்ணியக் கல்வியாளர்கள் காட்டியவை. ஒன்றில் மாணவிகள் தங்கள் அனுபவத்தை நோட்டில் எழுதி வாசிப்பார்கள், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். இன்னொன்றில் கருத்து மோதலை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வாதிட்டு எழுதப் பழக்குவோம். நான் எடுத்தது இரண்டாவதை.

அனுபவ நோட்டின் நன்மைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கை தூக்கிப் பேசாத பெண் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவாள், சிவப்பு மை பயம் போகும், நடை சரளமாகும். இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் ஃபிளின் என்ற கல்வியாளர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் முதலாண்டு மாணவர்கள் எழுதிய கதைகளை ஆராய்ந்தார். பெண்களின் கதைகள் உறவையும் பிணைப்பையும் சுற்றி வந்தன, ஆண்களின் கதைகள் சாதனையையும் பிரிவையும் சுற்றி வந்தன. எழுத்து வகுப்பில் பால் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பலரை யோசிக்க வைத்த கட்டுரை அது.

மூன்று வருடம் கழித்து, 1991-ல், இன்னொரு அமெரிக்கக் கல்வியாளர் சூசன் ஜாரட் மறுபக்கத்தைப் பேசினார். வகுப்பில் எல்லோரும் சம நிலையில் இல்லாதபோது மோதலைத் தவிர்ப்பது பெண்களைத்தான் பலவீனமாக்கும் என்றார். பெண்களை மட்டம் தட்டி ஒரு மாணவன் எழுதினால், அதையும் அவனுடைய அனுபவம் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? ஆசிரியை எப்போதும் அரவணைக்கும் அம்மாவாகவே நிற்க வேண்டுமா? இந்தக் கேள்விகள் எனக்கு அப்படியே பொருந்தின.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். எழுதிய நோட்டு வகுப்பு முடிந்ததும் எங்கே போகிறது? பைக்குள் போகும், பை வீட்டுக்குப் போகும். வீட்டில் அண்ணன் புரட்டுவான், அப்பா புரட்டுவார். மகளின் போனையே வாங்கிப் பார்க்கும் வீட்டில் நோட்டு தப்புமா? மனதைத் திறந்து எழுது என்று நான் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவள் எழுதிய ஒரு பக்கத்தால் படிப்பே நின்றுபோனால் பதில் சொல்ல நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன்.

தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். 2024-ல் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்துவிட்டது. அந்தப் பணம் பற்றி நோட்டில் எழுதச் சொன்னால், ஏடிஎம் கார்டு அப்பாவிடம் இருக்கிறது என்று ஒரு பெண் எழுத வேண்டியிருக்கும். அந்த வரி அப்பா கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அதையே வாதமாக எழுதச் சொன்னேன். உதவித்தொகை எப்படிச் செலவாக வேண்டும் என்பதுதான் தலைப்பு. கணக்கு மாணவி பெயரில் இருந்தால் போதாது, கார்டும் அவள் கையில் இருக்க வேண்டும் என்று ஒருத்தி எழுதினாள். குடும்பத்துக்குக் கொடுப்பதில் என்ன தப்பு என்று பக்கத்து வரிசைப் பையன் கேட்டான். நீ உன் ஆயிரத்தைக் கொடுக்கிறாயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அடுத்த வரைவில் அந்தக் கேள்வி ஒரு முழுப் பத்தியாக வளர்ந்திருந்தது. அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், அதில் அவள் வீடு இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் முழுசாக இருக்கிறது.

சரி, இதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. விட்டால் பட்டிமன்றமாகிவிடும், சத்தமாகப் பேசுபவர் கட்டுரையையும் பிடித்துக்கொள்வார். அதனால் எழுதி முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. எதிர்த்தரப்பு வாதத்தை, அவர்களே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் காட்டிய பிறகுதான் மறுப்பு. இவ்வளவு செய்தும் சில மாணவிகள் இன்னும் ஒதுங்கியே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி என்று எனக்குப் பிடிபடவில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. கேத்தரின் லாம்ப் என்ற கல்வியாளர் அதே 1991-ல் முன்வைத்தது. முரண்படும் இருவருக்கு நடுவே மூன்றாமவர் நின்று, மூவரும் சேர்ந்து ஓர் உடன்பாட்டை எழுதுவார்கள். நான் லேசாகத்தான் முயன்றேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. மகளிர் கல்லூரியில் நான் பாடம் எடுத்ததும் இல்லை. அங்கே அனுபவ நோட்டு இதைவிட நன்றாக வேலை செய்யலாம்.

அதைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், நோட்டுகளைப் பூட்டி வைக்கத் துறையில் ஒரு பீரோ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மேலட்டையில் பெயருக்குப் பதில் ஓர் எண் போதும். பிடிக்காத பக்கத்தை, நீங்கள் படிப்பதற்கு முன்பே கிழித்துப் போடலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.