கோடு பழசு, வளையம் தொய்வு: கடலோரக் கல்லூரித் திடல் ஒன்று

புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில் முதலில் மூன்று புள்ளிக் கோட்டைப் பாருங்கள்; இதற்கு வெளியே நின்று பந்தை வளையத்தில் போட்டால் மூன்று புள்ளி. வளையத்திலிருந்து அதன் தூரம் சர்வதேச விதியில் 2010லேயே 6.75 மீட்டராக மாறிவிட்டது; இங்கே இன்னும் 6.25தான். அரை மீட்டர் கிட்ட நின்று போட்டுப் பழகிய கை, வெளியூர்த் திடலில் வளையத்தின் முன்விளிம்பில்தான் இடிக்கும்.

உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருவேறி வளையம் முன்பக்கம் தொங்குகிறது. தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். டேப் பிடித்தால் நான்கு விரற்கடை குறைகிறது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டு, அவ்வப்போது ஸ்பேனரால் இறுக்கினாலே தீரும். அதுகூடச் செய்யாதது வேதனை.

பந்தும் மோசம். சிமெண்ட் தரையில் உரசி ரப்பரின் பொடிப்புள்ளிகள் மழுங்கிவிட்டன. வியர்த்த கையில் நழுவுகிறது. காற்றழுத்தம் 7 முதல் 9 பிஎஸ்ஐக்குள் (பம்பு மானியில் காட்டும் அளவு) நிற்க வேண்டும். இங்கே கல்லாட்டம் அடைத்துவிடுகிறார்கள், பலகையில் பட்டதும் எகிறிப் போகிறது.

பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும்; அதைக் காட்டும் கடிகாரம் போட்டி நாளிலும் கிடையாது. மேசையில் ஒருவர் வாயால் எண்ணுகிறார். அதனால் பாஸ் குறைந்து, ஆளுக்கு ஆள் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கிறார்கள். படிக்கட்டில் மாற்று வீரர்களைத் தவிர யாருமில்லை.

விளக்குகள் நன்றாக எரிகின்றன. பயிற்சிக்குப் போகிறவர்கள் சொந்தப் பந்தும் காற்றழுத்தமானியும் கொண்டுபோங்கள்.