கிள்ளிப் பறிக்கிற செடியில் அசுவினி: தண்ணீரா, சோப்பா, வேப்பெண்ணெயா?

புதினா, துளசி, கொத்தமல்லி மூன்றும் தொட்டியில் வளர்க்கிறேன். மூன்றிலும் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி, வந்திருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் என்று மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின், இப்போது தண்ணீரோடு நின்றுவிட்டேன். சோப்புக் கரைசலை எப்போதாவதுதான் எடுக்கிறேன். பறிக்கிற செடியில் வேப்பெண்ணெயைத் தொடுவதே இல்லை. ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எதிராளியைப் பற்றி ஒரு விஷயம். அசுவினி பெருகுவதற்கு ஆண் பூச்சி வேண்டியதில்லை. வெப்பமான நாட்களில் பெண் பூச்சி முட்டை இடாமல் நேரடியாகக் குஞ்சு போடும், அதுவும் ஒரு நாளைக்குச் சில குஞ்சுகள். அந்தக் குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தானே தாயாகிவிடும். அதனால் ஒரே ஒரு தடவை எதையாவது அடித்துவிட்டு ‘போய்விட்டது’ என்று இருக்க முடியாது. எந்த முறையானாலும் இரண்டு வாரத்துக்கு விடாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் இது பொது.

விலை, கிடைப்பது, தயாரிக்கும் சிரமம் எல்லாவற்றிலும் தண்ணீர் முந்தி நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொல்லும் வேகத்தில் சோப்பு முதலிடம். கொஞ்ச நாள் தாக்குப்பிடிப்பதில் வேப்பெண்ணெய் முதலிடம். இதோடு விட்டிருந்தால் நானும் வேப்பெண்ணெய்ப் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

ஆனால் நாம் பேசுவது ரோஜாவைப் பற்றியோ செம்பருத்தியைப் பற்றியோ இல்லை. பறித்து நேராக வாயில் போடுகிற இலையைப் பற்றி. இலைமேல் அடிக்கிற எதுவும் பறிக்கும்போதும் அங்கே இருக்குமா, கழுவினால் போகுமா, எத்தனை நாள் பறிக்காமல் காத்திருக்க வேண்டும்? எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான்.

வேப்பெண்ணெய் இங்கேதான் சறுக்குகிறது. அதில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். நல்ல சரக்குதான், வெயில் பட்டால் சில நாட்களில் சிதைந்தும் போகும். ஆனால் எண்ணெயின் வாடையும் கசப்பும் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. லிட்டருக்கு 5 மில்லி வீதம், கொஞ்சம் சோப்பு சேர்த்துக் கலக்கி, புதினாவில் மாலையில் அடித்தேன். ஒரு வாரம் கழித்துப் பறித்து இரண்டு முறை அலசியும் புதினா மணத்துக்கு அடியில் வேம்பு இருந்தது. எண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது என்பது தெரிந்ததுதான். புதினா இலையின் முகம் வேறு சுருக்கமும் மடிப்புமாக இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அசுவினியைத் தடுக்க வாராவாரம் அடிக்க வேண்டும், அடித்தால் வாரக்கணக்கில் பறிக்க முடியாது. அப்படியானால் அந்தச் செடி யாருக்காக வளர்கிறது? அதோடு, வேப்பெண்ணெய் மெதுவாக வேலை செய்வது. அடித்து மூன்றாம் நாளும் பூச்சி உயிரோடு ஊர்வதைப் பார்த்து மனம் தளரும், அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் இலை கருகும். துளசியின் தளிர் அப்படிக் கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

வேப்பெண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் வைத்திருக்கிறேன். அசுவினி மிஞ்சிப்போன புதினாவை மண்ணை ஒட்டி வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் தண்டுகளில் அடிப்பது. புது இலை பறிக்கும் அளவுக்கு வர எப்படியும் சில வாரங்கள் ஆகும், அதற்குள் வாடை போய்விடுகிறது.

சோப்புக் கரைசல் இந்தக் கேள்வியில் பாதி தேறுகிறது. சோப்பு, ஈரமாக இருக்கும் வரைதான் பூச்சியைக் கொல்லும். மெல்லிய உடம்பின் மேலுறையைக் கரைத்து உலர வைத்துவிடும். காய்ந்தபின் அதற்கு எந்த வேலையும் இல்லை. ஆகவே ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் செடியை அலசிவிட்டால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, இலையும் சுத்தம். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சோப்பின் மேல் நம்பிக்கை வந்தது. மணமில்லாத பொட்டாசியம் திரவ சோப்பை லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்தால் போதும். பாத்திரம் கழுவுகிற திரவம் வேண்டாம். பெரும்பாலும் அது சோப்பே இல்லை, டிடர்ஜென்ட். இலையின் மெழுகுப் பூச்சை அரித்துவிடும். உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு திரிந்து மேலே மிதக்கும், அந்தக் கரைசலுக்கு வீரியம் இருக்காது. மழைநீர் நல்லது. எதுவானாலும் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள். சோப்பின் குறை வேறு: அசுவினியைத் தின்ன வந்திருக்கும் பொறிவண்டின் புழுவும் அதே கரைசலில் செத்துப்போகும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். அசுவினி ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செருகி உட்கார்ந்திருக்கும். வேகமாகத் தண்ணீர் பட்டால் பிய்ந்து கீழே விழும். விழுந்ததில் பெரும்பாலானவை திரும்ப ஏறி வருவதில்லை. இலையில் எதுவும் மிஞ்சாது. காலையில் அடித்து மத்தியானமே பறிக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் செய்கிற விதம் முக்கியம். மேலிருந்து அடித்தால் பயனே இல்லை, பூச்சி இருப்பது இலையின் அடியிலும் நுனித் தளிரிலும். ஒரு கையால் தண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடுத்த வாரம் மூன்று நாளுக்கு ஒரு தடவை. கட்டாயம் காலையில்தான். மாலையில் நனைத்து இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் வந்துசேரும். அடிப்பதற்கு முன், பூச்சி அப்பியிருக்கும் நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிடுவேன். கூட்டத்தில் பாதி அங்கேயே போய்விடும். துளசியும் புதினாவும் கிள்ளக் கிள்ளத் தழைக்கிற செடிகள், அதனால் இதில் இழப்பே இல்லை.

கொத்தமல்லிதான் சங்கடம். தண்டு மெல்லியது, வேகத் தண்ணீர் பட்டால் படுத்துவிடும். அங்கே நான் சோப்பை எடுக்கிறேன், அல்லது பூச்சி அதிகமானால் மொத்தமாக அறுத்து, தண்ணீரில் முக்கி அலசி உபயோகித்துவிட்டுப் புதிதாக விதைக்கிறேன். என் அனுபவம் சில தொட்டிகளோடு நிற்கிறது. பெரிய பாத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு தண்டையும் பிடித்துக் கழுவுவது கட்டுப்படியாகுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலை ஒரே ஒரு தடவைதான் அடித்தேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. வாடை மட்டும் நினைவிருக்கிறது.

எறும்பை விட்டுவிட்டால் எந்த முறையும் தோற்கும். அசுவினி விடுகிற தித்திப்பான கழிவுக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கும், தின்ன வருகிற பூச்சிகளை விரட்டும். தொட்டியின் அடியில் கல் வைத்து, அதைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். எறும்பு நின்றதும் வித்தியாசம் கண்ணில் தெரிந்தது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டி மாற்றுங்கள், கொசு முட்டை வைக்கும். தழைச்சத்து உரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிப் போட்டால் வருகிற கொழுத்த தளிர்தான் அசுவினிக்கு முதல் விருந்து.

தண்ணீரோடு நின்றதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. ஒரு கொத்தமல்லிச் செடியை மட்டும் அறுக்காமல் பூக்க விட்டேன். அப்புறம் பொறிவண்டு வர ஆரம்பித்தது. சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் வந்தன. அந்தக் குளவி அசுவினிக்குள்ளேயே முட்டை வைக்கும். அசுவினி உப்பி, தவிட்டு நிறத்தில் காகிதம் மாதிரி இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் அதையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி ஒட்டியிருக்கும் இலைகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்திருந்தால் குளவி வெளியே போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அந்த இலையைப் பறிப்பேன்.