தில்லித் தூசியும் கார் கதவுப் பூட்டும்: தேங்காய் எண்ணெயா, ஸ்பிரேயா, கழற்றி மாற்றுவதா?

கார் கதவு மக்கர் பண்ணினால் மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் நம்மாட்கள் வீட்டில் முதலில் கையில் எடுப்பது தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத்தான். சென்னையில் அது ஏதோ கொஞ்ச நாள் சமாளிக்கும். இங்கே சரிப்படாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், தில்லியில் ஜனவரிக் காலையில் 5, 6 டிகிரி சர்வசாதாரணம். மே மாதம் விட்ட எண்ணெய் முதலில் புழுதியையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும், குளிர் வந்ததும் அத்தனையும் சேர்ந்து சாவித் துவாரத்துக்குள் மெழுகு மாதிரி இறுகி நிற்கும். ஆகவே அதை இப்போதே ஒதுக்கிவிடுவோம்.

மற்ற வழிகளில் எது மேல் என்று பார்க்கும் முன், கதவில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சாவி நுழைகிற சிலிண்டர், கைப்பிடியிலிருந்து உள்ளே ஓடும் கம்பிகள், கதவோரத்தில் கொக்கி மாதிரி தெரிகிற லாட்ச், சென்ட்ரல் லாக்குக்கான குட்டி மோட்டார், இந்த நான்கில் ஏதோ ஒன்றுதான். ஸ்பிரேயோ கிரீஸோ உதவுவது சிலிண்டருக்கும் லாட்சுக்கும் மட்டும். கம்பியின் கிளிப் கழன்றிருந்தாலோ மோட்டார் போயிருந்தாலோ டப்பா முழுவதையும் காலி செய்தாலும் கதவு அசையாது.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள், அது சுலபமாகத் திரும்பினால் பூட்டு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது உங்கள் சாவி. வெளிக் கைப்பிடி இழுத்தால் தொளதொளவென்று வருகிறது, உள்ளேயிருந்து மட்டும் திறக்கிறது என்றால் கம்பியோ கிளிப்போ விட்டுப்போயிருக்கும். பின்கதவு வெளியே திறந்து உள்ளே திறக்காவிட்டால் பதற வேண்டாம், கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக் நெம்பைப் பாருங்கள், கார் கழுவும் பையன் தட்டிவிட்டிருப்பான். ரிமோட்டுக்கு எந்தக் கதவும் அசையவில்லை என்றால் ரிமோட் பேட்டரி, பிறகு பியூஸ். ஒரு கதவு மட்டும் அசையவில்லை என்றால் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள்: ர்ர்ர் என்று சத்தம் வந்து பூட்டு நகராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், சத்தமே இல்லை என்றால் மோட்டார் அல்லது ஒயர். ஒயர் பெரும்பாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள மடிப்பு ரப்பருக்குள்தான் அறும், திறந்து மூடி வளைந்தே அறுகிற இடம் அது, கதவை ஒரு குறிப்பிட்ட அளவு திறந்து வைத்தால் மட்டும் வேலை செய்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

சரி, சிலிண்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் சொல்வது டபிள்யூடி-40. அது 1953இல் ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காப்பதற்காக உருவான சரக்கு, பெயரில் உள்ள டபிள்யூடி ஈரத்தை வெளியேற்றுவதைத்தான் குறிக்கிறது. அழுக்கையும் துருவையும் இளக்குவதில் கெட்டி. ஆனால் கரைப்பான் ஆவியாகிப் போனதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், தில்லி ஆந்தியில், அதாவது புழுதிக்காற்றில், பறக்கும் மண் ஒட்டிக்கொள்ள அது போதும். என் கணக்கில் அது கழுவ மட்டும். கழுவிக் காய்ந்த பிறகு உலர் டெஃப்ளான் ஸ்பிரே அடிப்பதே சிறந்தது, ஒட்டாது, புழுதி பிடிக்காது, விலையும் சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையா, குழந்தையின் பென்சிலை எடுத்துச் சாவியின் பற்கள் மேல் நன்றாகத் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட், உலர்ந்த மசகு. ஏற்கெனவே எண்ணெய் விட்ட துவாரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, இரண்டும் கலந்து களிம்பாகிவிடும். லாட்சுக்குக் கதை நேர்மாறு: அங்கே உலர் ஸ்பிரே நிற்காது, பழைய கறுப்புக் கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும்.

அடுத்தது, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடை நாமே கழற்றுவதா, ஆளைக் கூப்பிடுவதா. என் பதில் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. திறந்திருந்தால் தாராளமாக நாமே செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டு, கைப்பிடிக் குழியிலும் ஆர்ம்ரெஸ்டிலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓரத்திலிருந்து கிளிப்புகளை நெம்ப வேண்டும். இரண்டு மூன்று கிளிப் உடையும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்துத் திரும்ப ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் கால் மிதியடி நனையும். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை கட்டாயம்.

மூடிய கதவு வேறு விஷயம். ஒருவர் வெளியே கைப்பிடியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து லாட்ச் இருக்கும் பக்கம் தோளால் தள்ளிக்கொண்டே லாக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பல நேரம் விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்தான். மூடிய கதவில் பேடின் சில ஸ்க்ரூக்கள் கைக்கே எட்டாது, வம்பாக இழுத்தால் பேடே உடையும். சாவி உள்ளே முறிந்திருந்தால் மட்டும் சாபிவாலா, அதாவது சாவி செய்பவர். அவர் கண்ணாடியோர ரப்பர் பீடிங்குக்குள் இரும்பு ஸ்கேலை விட்டுக் குடைய ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள், கம்பியும் ஒயரும் சேர்ந்து மாட்டும்.

பார்ட் மாற்ற வேண்டும் என்று ஆனால் மூன்று இடம் இருக்கிறது: கம்பெனி கவுண்டர், புது பார்ட் கடைகள் உள்ள காஷ்மீரி கேட், பழைய கார்களிலிருந்து கழற்றிய பார்ட் விற்கும் மாயாபுரி. பழைய கார்களில் பிற்பாடு வெளியே வைத்துக்கொண்ட சென்ட்ரல் லாக் என்றால் துப்பாக்கி வடிவ மோட்டார் தனியாகக் கிடைக்கும், காஷ்மீரி கேட்டில் வாங்கினால் போதும், டிரைவர் கதவுக்கு 5 ஒயர், மற்றவற்றுக்கு 2 ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வெளிக் கைப்பிடிக்கும் அதுவே போதும், மாயாபுரியில் எடுத்தாலும் பாதகமில்லை. மோட்டாரும் லாட்சும் ஒன்றாக இருக்கும் கார்களுக்குத்தான் நான் கம்பெனி சரக்கு என்று பிடிவாதமாக நிற்பேன். மாயாபுரியில் கிடைக்கிற லாட்சிலும் அதே வயதான பல்சக்கரம்தான் இருக்கும், போதாததற்கு மோதல் நேரத்தில் கதவைத் திறக்காமல் பிடித்து நிறுத்துவதும் இதே லாட்ச். எங்கே வாங்கினாலும் பழையதைக் கையில் கொண்டு போங்கள், இடது வலது, முன் பின் எல்லாம் வேறு வேறு.

லாட்ச் பெரும்பாலும் கதவோரத்தில் 3 ஸ்க்ரூவில் நிற்கும், பல கார்களில் அவை ஸ்டார் தலை, நன்றாக இறுகியிருக்கும், சரியான பிட் இல்லாமல் திருகினால் தலை வழுக்கிவிடும். மாட்டி முடித்ததும் உடனே கதவைச் சாத்திப் பார்க்காதீர்கள். திறந்த நிலையிலேயே ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளுங்கள், இரண்டு கிளிக் கேட்க வேண்டும். அப்புறம் வெளிக் கைப்பிடியை இழுத்து ஒரு தடவை, உள் கைப்பிடியை இழுத்து ஒரு தடவை, கொக்கி பட்டென்று திரும்ப வருகிறதா பாருங்கள். இரண்டிலும் வந்தால் கதவைச் சாத்தலாம்.