திருந்தும் கடற்கொள்ளையன்: ஒரு கோட்டா, இரண்டு கோட்டா?

பாடசாலை நாடகத்தில் சிரிப்பு வில்லன் கடைசியில் நல்லவர் பக்கம் சேருகிறான் என்றால், இழுபறி உடுப்பில்தான்.

புரட்டிப் போடும் கோட்: வெளியே கறுப்பு, உள்ளே நீலம். மேடையிலேயே மாற்றலாம், சனம் சிரிக்கும். வெல்க்ரோ வேண்டாம், பிரிக்கும் சத்தம் மைக்கில் விழும். பிரஸ் பட்டன் தையுங்கள். கோட்டின் கையை அகலமாக வெட்டாவிட்டால் கொள்ளையனின் கொக்கிக் கை பாதியில் சிக்கும். இரட்டைத் துணி கொழும்பு வெக்கையில் முதுகோடு ஒட்டும், அதுதான் தலையிடி.

இரண்டு கோட்: துணிச்செலவு கூட, புறக்கோட்டைக் கடைகளில் விலை பேசி எடுங்கள். கோட்டை மாற்றிவிட, திரைக்குப் பின்னால் ஓர் ஆள் தேவை.

சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கோட். மேடையை விட்டு இறங்காத வில்லனுக்குப் புரட்டும் கோட். ஒட்டு மீசை எதிலும் வேர்வையில் கழரும், மையால் வரைந்துவிடுங்கள்.