எச்சரித்து விடுவதா, தண்டம் எழுதுவதா?

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் வேகத்துக்காகப் பொலிஸ் மறித்தால், "இந்தமுறை பார்த்துப் போங்கோ" என்று விட்டுவிடுவார்கள் என்றுதான் சாரதிகள் பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கி.மீ. வெறும் வீதியில் 73 என்றால் எச்சரிக்கை போதும் என்பேன்.

ஊருக்குள் எல்லை 50. அங்கே தண்டம்தான் சரி. கனகராயன்குளப் பக்கம் பொழுதுபடும் நேரத்தில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும். ரியூசன் முடிந்த பிள்ளைகள் லைற் இல்லாத சைக்கிளில் வீதியோரமாக வருவார்கள். அதற்குள்ளே 65இல் வந்தவருக்கு என்ன இரக்கம்? கெஞ்சுவதே சரியில்லை, தெரிந்த ஆளுக்குப் போன் எடுத்துத் தப்புவது அதைவிட மோசம். தண்டப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிவிடலாம். பிந்தினால் தொகை இரட்டிக்கும், பிறகு நீதிமன்றம்தான்.